மின்சார பைக், கான்செப்ட் கார்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருஷமாக மின்சார பைக் ஓட்டுகிறேன். இருப்பது ஓசூர். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் டீ ஆறும்வரை கேள்வி வரும். போதாக்குறைக்கு, வாகனக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போய்ப் படம் எடுத்து வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வேறு. இந்த வாரம் சித்தப்பா கேட்டதை அடுத்த வாரம் மச்சான் கேட்பார். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், அவரவர் கேட்ட வாக்கிலேயே கேள்வியை எழுதி, கீழே பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம், மானியம் எவ்வளவு என்பதெல்லாம் இங்கே கிடையாது. வண்டி ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது, நாம் ஏன் நின்று பார்க்கிறோம் என்பது மட்டும்தான்.

"கான்செப்ட் கார்னா என்ன? கடைக்கு வரப்போற வண்டியோட முதல் பீஸா?"

இல்லை. கடைக்கு வரப்போகும் வண்டியைச் சோதிக்கச் செய்வது முன்மாதிரி வண்டி. கறுப்பு வெள்ளைச் சுழி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஹைவேயில் நம்மைத் தாண்டிப் போகுமே, அது. கான்செப்ட் என்பது மேடைக்காகவே செய்யப்படுவது. "இப்படி ஒரு வண்டி வந்தால் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கம்பெனி ஊரைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

சில நேரம் அந்தக் கேள்வி ஊருக்கானதே அல்ல. கம்பெனிக்குள்ளேயே பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களைச் சம்மதிக்க வைக்க, வடிவமைப்பாளர்கள் நிஜ அளவில் ஒன்றைச் செய்து நிறுத்திவிடுவார்கள். காகிதத்தில் மறுப்பது சுலபம். கண்ணெதிரே பளபளவென்று நிற்பதை மறுப்பது கொஞ்சம் கஷ்டம்.

"இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பிச்சது?"

பெரும்பாலோர் சொல்வது 1938-இல் வந்த பியூக் ஒய்-ஜாப். ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல் செய்தது. முகப்பு விளக்குகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும், கண்ணாடிகள் மின்சாரத்தில் ஏறி இறங்கும், காலை வைத்து ஏறும் பக்கப் பலகை கிடையாது. அன்றைய கார்களுக்கு நடுவில் அது வேறு உலகத்து ஜந்து மாதிரி இருந்திருக்கும். மனிதர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவில்லை. வருஷக்கணக்கில் தன் சொந்த வண்டியாக ஓட்டித் திரிந்தார். கான்செப்ட் காரை ஆபீசுக்கு ஓட்டிப்போன ஆள் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

"அதெல்லாம் நிஜமா ஓடுமா, இல்ல வெறும் பொம்மையா?"

இரண்டும் உண்டு. சிலது முழுதாக ஓடும். சிலது மேடையிலிருந்து லாரிக்கு ஏறும் அளவுக்கு மட்டும், நடக்கிற வேகத்தில் நகரும். சிலதில் உள்ளே ஒன்றுமே இருக்காது, ஆட்கள் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு கண்காட்சியில் (கம்பெனி பெயர் வேண்டாம்) மூடும் நேரம்வரை நின்றிருந்தேன். பகலெல்லாம் புகையும் விளக்குமாக மின்னிய கார் ஒன்றை, ராத்திரி நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு தள்ளினார்கள். ஒருவர் குனிந்து டயருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். திருவிழா முடிந்து தேரை நிலைக்குக் கொண்டுவருவது போலவே இருந்தது.

"களிமண்ணுல கார் செய்றாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் குளத்துக் களிமண் இல்லை. மெழுகும் எண்ணெயும் கலந்த ஒரு வகை மண், காய்ந்து வெடிக்காது. அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் வைத்துச் சூடாக்கினால் வெண்ணெய் போல் இளகும், ஆறினால் செதுக்கும் பதத்துக்கு இறுகும். உள்ளே ஃபோம் கட்டை வைத்து, மேலே இந்த மண்ணைக் கையால் அப்பி, தகடுகளால் இழைத்து இழைத்து நிஜ அளவுக் காரையே உருவாக்குவார்கள். கார் தொழிலில் இதைப் பழக்கமாக்கியவரும் அதே ஹார்லி ஏர்ல்தான்.

கம்ப்யூட்டரில் எல்லாம் செய்யலாமே என்று உடனே அடுத்த கேள்வி வரும். செய்கிறார்கள். இயந்திரமே முதல் வெட்டு வெட்டிக்கொடுத்தும் விடும். ஆனாலும் கடைசியில் மண்ணுக்குத்தான் வருகிறார்கள். மண் மேல் பெயின்ட் மாதிரி மின்னும் ஒரு மெல்லிய தாளை ஒட்டி, வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு நடந்து பார்ப்பார்கள். கதவு மேல் ஓடும் ஒளிக்கோடு ஓர் இடத்தில் நெளிந்தால் போதும், அங்கே மறுபடியும் இழைப்பு. நீங்கள் ஷோரூமில் காரைச் சுற்றி வரும்போது அந்தக் கோடும் கூடவே வழுக்கி வரும், கவனித்துப் பாருங்கள். "என்னமோ பிடிச்சிருக்கு" என்று சொல்ல வைப்பதில் பாதி அந்தக் கோடுதான்.

"காட்டுறது ஒண்ணு, விக்கிறது ஒண்ணு. ஏமாத்துறாங்களா?"

மேடையில் நிற்கும் காருக்கு ஆர்.டி.ஓ. கிடையாது, மழை கிடையாது, ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. ரோட்டுக்கு வரும்போது வைப்பர் வேண்டும், நம்பர் பிளேட்டுக்கு இடம் வேண்டும், இடித்தால் பாதசாரியின் தலை நசுங்காதபடி பானெட் உயர வேண்டும், பின் சீட்டில் பாட்டி ஏறி உட்கார வேண்டும். சக்கரம் முதலில் சுருங்கும், கண்ணாடிப் பரப்பு கூடும், கூரை சில அங்குலம் ஏறும். அப்புறம் விலை. இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருப்பதைத்தான் விற்கிறார்கள்.

ஆனால் கிட்டத்தட்ட அப்படியே வந்தவையும் இருக்கின்றன. ஹூண்டாய் 2019-இல் காட்டிய '45' என்ற கான்செப்ட் 2021-இல் ஐயோனிக் 5 ஆக வந்தது. சதுரப் புள்ளி விளக்குகளோ, கதவில் குறுக்காக விழும் மடிப்போ கலையவில்லை. 45 என்ற பெயருக்கே ஒரு கணக்கு உண்டு. 1974-இல் டூரினில் ஹூண்டாய் காட்டிய போனி கூபே கான்செப்டிலிருந்து 45 வருஷம். அதை வரைந்தவர் இத்தாலியின் ஜியுஜாரோ. அந்தக் கூபே விற்பனைக்கு வரவேயில்லை, ஆனால் அதன் மடிப்பும் மூலையும் அரை நூற்றாண்டு கழித்து வேறொரு காரில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"அப்போ ஒரு கான்செப்டைப் பார்த்ததும் இது வரும், வராதுன்னு சொல்ல முடியுமா?"

ஓரளவு முடியும். நான் பார்ப்பது மூன்று இடம். சைடு மிரர் ஒழுங்கான அளவில் இருக்கிறதா, கதவு சாதாரணமாகத் திறக்கிறதா, உள்ளே ஏசி ஓட்டைகள் இருக்கின்றனவா. வராத காரில் ஏசிக்கு யாரும் ஓட்டை போட மாட்டார்கள். நடுத்தூணே இல்லாமல் இரண்டு கதவும் எதிரெதிராகத் திறந்தால், ஆசையாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பைக்குக்கு இன்னும் சுலபம். மட்கார்டு, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்ட். இவை மூன்றும் இருந்தால் ஏதோ தீர்மானமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"மின்சார பைக் எல்லாம் ஏன் வயிறு உப்பின மாதிரி இருக்கு?"

பேட்டரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கீழே பல கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. யூனிட் என்றால் நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். பெங்களூருவின் அல்ட்ராவயலெட் கம்பெனி 2022-இல் கொண்டுவந்த எஃப்77 பைக்கின் பெரிய பேட்டரி 10.3 யூனிட். அதாவது ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல்கூட இல்லை! அதை வைத்துக்கொண்டு அந்த வண்டி ஒரே சார்ஜில் 300 கிலோமீட்டருக்கு மேல் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறது (ரோட்டில் குறையும், அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்). பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைத்ததில் முக்கால்வாசியைச் சூடாக வீணடிக்கும், மோட்டார் அப்படிச் செய்யாது. அதனால்தான் இது நடக்கிறது.

ஆனால் ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல் ஒரு பாட்டிலில் அடங்கும். அதே சக்தியுள்ள பேட்டரி பெரிய சூட்கேஸ் அளவு, அதைவிடப் பல மடங்கு கனம். ரேஸ் வண்டிக்கே இந்தக் கதிதான். மோட்டோ-இ என்ற மின்சார பைக் பந்தயத்துக்காக டுகாட்டி செய்த வி21எல் வண்டி மொத்தம் 225 கிலோ, அதில் பேட்டரி மட்டும் 110 கிலோ. இந்தப் பெட்டியைக் கனம் கீழே இருக்கும்படி இரண்டு சக்கரத்துக்கு நடுவில்தான் வைத்தாக வேண்டும். எஞ்சினில் பள்ளம், மேடு, குழாய், இடைவெளி என்று கண்ணுக்கு வேலை இருக்கும். பேட்டரி ஒரு பெட்டி. பெட்டியை எப்படிப் பெட்டியாகத் தெரியாமல் செய்வது என்பதுதான் மின்சார பைக் வடிவமைப்பாளரின் தலைவலி.

"பெட்ரோலே இல்லாத வண்டிக்கு டேங்க் எதுக்கு? சும்மா நடிப்பா?"

பாதி நடிப்பு, பாதி தேவை. பிரேக் அடிக்கும்போது உடம்பு முன்னால் சரியாமல் இருக்க, முட்டியால் எதையாவது இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளைவில் சாயும்போதும் அந்தப் பிடிமானம்தான் தைரியம். நூறு வருஷமாக அந்த வேலையைச் செய்தது டேங்க். அதை எடுத்துவிட்டால் ஸ்கூட்டரில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் மேடு இருக்கும், உள்ளே வேறு வேலை நடக்கும். ஹார்லி டேவிட்சனின் லைவ்வயரில் பெட்ரோல் மூடி இருக்க வேண்டிய இடத்தில் சார்ஜ் பின் செருகும் துளை இருக்கிறது. பங்கில் நின்று கை போகும் அதே இடம். வேறு சில வண்டிகளில் அந்த மேட்டைத் திறந்தால் சாமான் வைக்கும் குழி. எனக்குப் பிடிக்காதது, மேட்டின் மேல் திறக்கவே முடியாத பெட்ரோல் மூடி போல ஒரு வட்டத்தை ஒட்டி வைப்பது. கல்யாணப் பந்தலின் பிளாஸ்டிக் வாழைமரம் மாதிரி.

"எஞ்சின்தானே பைக்கோட அழகு? அது போன பிறகு பார்க்க என்ன இருக்கு?"

இதைக் கேட்டவர் நாற்பது வருஷமாக புல்லட் மெக்கானிக். அவரிடம் நான் காட்டிய படம் பிஎம்டபிள்யூவின் விஷன் டிசி ரோட்ஸ்டர், 2019-இல் வந்த கான்செப்ட். பிஎம்டபிள்யூ பைக் என்றாலே நூறு வருஷமாக இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாக்ஸர் எஞ்சின்தான் அடையாளம். மின்சாரத்தில் அந்தக் காதுக்கு வேலை இல்லை. அவர்கள் பேட்டரியைக் குளிர்விக்கும் தகடுகளையும் விசிறியையும் எடுத்து, அதே இடத்தில், அதே போல் இரு பக்கமும் நீட்டி வைத்தார்கள். வண்டியை ஆன் செய்தால் அந்தத் தகடுகள் கொஞ்சம் வெளியே நகரும், மூச்சு இழுப்பது போல. மெக்கானிக் அண்ணன் கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, காத்து வாங்குது. பொய் இல்ல" என்றார். அதற்கு மேல் நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

ராயல் என்ஃபீல்டும் அதே வழியில்தான் போகிறது. 2024 நவம்பரில் மிலானில் காட்டிய ஃப்ளையிங் ஃபிளீ சி6-இல் பேட்டரிப் பெட்டி மெக்னீசியம், அதன்மேல் காற்றில் ஆறுவதற்காக வரிவரியாகத் துடுப்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய எஞ்சின் பிளாக் போலவே இருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பழங்காலத்து கர்டர் பாணி, அதாவது சட்டம் போன்றது. ஃப்ளையிங் ஃபிளீ என்ற பெயரே இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி இறக்கப்பட்ட அவர்களுடைய 125 சிசி குட்டி வண்டிக்கு வைத்த பட்டப்பெயர். மின்சார வண்டி என்றால் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் நீல விளக்கும்தான் என்ற எண்ணத்தைத் திருவொற்றியூரில் பல தலைமுறை பைக் செய்த கம்பெனி உடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"சத்தமே இல்லாத பைக்குல என்ன கெத்து?"

வயசுப் பையன்கள் கேட்பது, நியாயமான கேள்வி. முதலில் ஒன்று, சத்தம் அறவே இல்லை என்பது தப்பு. மோட்டார், கியர், பெல்ட், டயர் எல்லாம் சேர்ந்து ஒரு ரீங்காரம் இருக்கும். லைவ்வயரில் மோட்டாரை வண்டியின் நீளவாக்கில் படுக்க வைத்து, சக்தியை ஒரு பல்சக்கர ஜோடி வழியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பற்கள் எழுப்பும் விசில்தான் அந்த வண்டியின் குரல், அதற்கென்றே உட்கார்ந்து பதம் பார்த்திருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது வண்டி ஆனில் இருக்கிறது என்று தெரிவிக்க, மோட்டார் லேசாகத் துடிக்கும், இதயத்துடிப்பு போல. அது காதுக்குக் கேட்காது, தொடைக்குத் தெரியும்.

கெத்து என்பதற்கு என் பதில் வேறு. கிருஷ்ணகிரி பக்கம் விடியற்காலையில் மலைப்பாதையில் ஏறும்போது, ஹெல்மெட்டுக்குள் மயில் அகவுவது கேட்டது. இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

"ஸ்பீக்கர் வெச்சு புல்லட் சத்தம் போட்டா என்ன?"

போடலாம், சிலர் போடுகிறார்கள். பிளாஸ்டிக் வாழைமரம் பற்றி மேலே சொன்னதையே இங்கேயும் சேர்த்துப் படிக்கவும்.

கார்களில் வேறு விஷயம். மெதுவாக ஊர்ந்து வரும் மின்சார கார் பார்வையற்றவருக்கோ குழந்தைக்கோ தெரியாது. அதனால் ஐரோப்பாவில் 2019-இலிருந்து புது மாடல் மின்சார கார்கள் 20 கிலோமீட்டர் வேகம்வரை ஏதாவது ஒலி எழுப்பியே ஆக வேண்டும். அது பாதுகாப்பு.

"கியர் இல்ல, கிளட்ச் இல்ல. ஓட்டுறதுல சுகம் எங்க இருக்கு?"

பெட்ரோல் எஞ்சின் சுற்று ஏற ஏறத்தான் இழுக்கும், அதற்குத்தான் கியர். மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும். ஆக்சிலேட்டரைத் திருகுவதற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. முதல் தடவை ஓட்டுபவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் அத்தைப் பையன் "டேய்" என்று ஒரு சத்தம் போட்டான், தெருமுனை வரை கேட்டது.

நான் அதைவிட ரசிப்பது இறக்கத்தில். ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். பழகிவிட்டால் மணிக்கட்டாலேயே வளைவுக்குள் நுழைந்து வெளியே வரலாம். கியர் மாற்றுவதில் இருக்கும் கைப்பழக்கத்தின் சுகம் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஈடு கிடையாது.

"மின்சார ஸ்கூட்டர் தெருவுக்குத் தெரு நிக்குது. பைக் மட்டும் ஏன் அவ்வளவா இல்ல?"

உருவத்தில்தான் விடை. ஸ்கூட்டரில் கால் வைக்கும் பலகைக்குக் கீழே பேட்டரியை ஒளித்து வைக்கலாம், யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியாது. பைக்கில் ஒளிக்க இடமில்லை என்று மேலே பார்த்தோம். அப்புறம், ஸ்கூட்டர் ஊருக்குள் 40-இல் போகிறது. பைக் வாங்குபவர் 80, 100-இல் போக ஆசைப்படுவார். வேகம் இரட்டித்தால் காற்று நம்மைத் தள்ளும் விசை நாலு மடங்கு. பைக்கில் உட்கார்ந்திருக்கும் ஆள் காற்றுக்கு ஒரு சாக்கு மூட்டை. ஆகவே ஹைவே ஏறியதும் பேட்டரி கரையும், அதை ஈடுகட்டப் பெரிய பேட்டரி, அதனால் கனம், அதனால் விலை. லைவ்வயர் 2019-இல் அமெரிக்காவில் 29,799 டாலருக்கு வந்தபோது ஹார்லி விசுவாசிகளே பின்வாங்கினார்கள்.

இந்த வலையிலிருந்து தப்ப ஒரு வழி, பைக்கா ஸ்கூட்டரா என்று யாரும் கேட்க முடியாத உருவம் செய்வது. பிஎம்டபிள்யூ சிஇ 02 அப்படித்தான். தட்டையான சீட், மூடிய தட்டுச் சக்கரம், உள்ளே என்ன இருக்கிறதோ அதை மறைக்காத பெட்டி உடம்பு. 2021-இல் மியூனிக்கில் கான்செப்டாக நின்றது 2023-இல் பெரிய மாற்றமில்லாமல் விற்பனை வண்டியாக அறிவிக்கப்பட்டது. அது தயாராவது எங்கே தெரியுமா? எங்கள் ஊரில், டிவிஎஸ் ஆலையில். 2024-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை நாலரை லட்சம் என்பதைச் சொன்னதும் டீக்கடை அமைதியாகிவிடும்.

"எலக்ட்ரிக் கார் எல்லாம் ஏன் எஸ்யூவி மாதிரியே வருது?"

பைக்கில் பேட்டரி வயிற்றில், காரில் காலடியில். சக்கரங்களுக்கு நடுவே தரையாகவே பேட்டரியைப் பரப்பிவிடுகிறார்கள். ஸ்கேட்போர்டு என்பார்கள். 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிய ஆட்டோனமி கான்செப்ட் இதைத் தெளிவாகச் சொன்னது. இயங்கும் பாகமெல்லாம் ஒரு தட்டையான பலகைக்குள், மேலே எந்த உடம்பை வேண்டுமானாலும் மாட்டிக்கொள். அது ஹைட்ரஜனில் ஓடும் வண்டி, ஆனால் யோசனை பேட்டரி கார்களுக்குத்தான் கைகொடுத்தது.

இந்தப் பலகைக்கு ஒரு தடிமன் உண்டு. தரை உயர்ந்தால் சீட் உயரும், சீட் உயர்ந்தால் கூரை உயரும். உயரமான காரைக் குட்டையாகக் காட்ட, சக்கரத்தைப் பெரிதாக்கி, அடியில் கறுப்புப் பட்டை அடித்துத் தடிமனை மறைப்பார்கள். பார்த்தால் எஸ்யூவி. மக்களுக்கும் எஸ்யூவிதான் வேண்டும், எனவே யாரும் வருத்தப்படவில்லை.

"முன்னாடி கிரில் இல்லாம மூஞ்சி மழுமழுன்னு இருக்கே?"

மோட்டாரும் பேட்டரியும் எஞ்சினைப் போல் எந்நேரமும் கொதிப்பதில்லை என்பதால் முன்னால் பெரிய வாய் தேவையில்லை, பம்பருக்குக் கீழே ஒரு பிளவு போதும். ஆனால் நூறு வருஷமாக நாம் கார்களைக் கிரில்லை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். வாய் இல்லாத முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் திக்கென்று இருக்கும். அதனால் இப்போது காரின் கண்ணான விளக்குக்குத்தான் வேலை. ராத்திரி அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் விளக்கின் வடிவத்தை வைத்தே கம்பெனி பெயரைச் சொல்லும் பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

"எஞ்சினே இல்லாதப்போ ஜாகுவார் எதுக்கு அவ்வளவு நீள மூக்கு வெச்சாங்க?"

2024 டிசம்பரில் மியாமியில் காட்டிய டைப் 00 பற்றிய கேள்வி. இளஞ்சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, பின்னால் கண்ணாடியே இல்லை. இது மேலே உள்ள எல்லாப் பதிலுக்கும் எதிர்வாதம். தேவைதான் உருவத்தைத் தீர்மானிக்கும் என்றால் மின்சார காருக்கு நீண்ட பானெட் அநாவசியம், உள்ளே இடத்தைத்தான் தின்னும். ஆனால் நீண்ட பானெட் என்றைக்குமே எஞ்சினுக்கு மட்டுமாக இருந்ததில்லை. "எனக்கு இவ்வளவு இடத்தை வீணாக்க வசதி இருக்கிறது" என்று அது சொல்லும். பழைய வீட்டுத் திண்ணையைப் போல. திண்ணையில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை, ஆனால் வீட்டின் அந்தஸ்து அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பிளாஸ்டிக் வாழைமரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மச்சான் மடக்கினார். வாழைமரம் தன்னை வேறொன்றாகக் காட்டுகிறது, திண்ணை திண்ணையாகவே இருக்கிறது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

"காத்தைக் கிழிக்கணும்னா எல்லா காரும் கடைசியில ஒரே மாதிரி ஆயிடுமே?"

அந்தப் பயம் உண்மையானதுதான். காற்றுக்குப் பிடித்த உருவம் ஒன்றே ஒன்று. முன்னால் உருண்டு, பின்னால் மெல்ல மெல்லக் குறுகும் துளி. ஜெனரல் மோட்டார்ஸ் 1990-இல் இம்பாக்ட் என்று காட்டி 1996-இல் இவி1 ஆகக் கொண்டுவந்த மின்சார காரைப் பாருங்கள். பின் சக்கரங்கள் பாதி மூடியிருக்கும், அவற்றுக்கு இடையிலான அகலமும் முன்னால் இருப்பதைவிடக் குறைவு. காற்றுத்தடை எண் (குறையக் குறைய நல்லது) 0.19. மெர்சிடிஸ் 2022-இல் காட்டிய விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ் கான்செப்ட் 0.17. இரண்டுக்கும் நடுவில் முப்பது வருஷம், ஆனால் பின்னழகில் இரண்டும் ஒரே குடும்பம். மெர்சிடிஸ் அந்த வண்டியை மேடையோடு விடவில்லை. அந்த ஏப்ரலில் ஜெர்மனியின் ஜிண்டல்ஃபிங்கனிலிருந்து பிரான்ஸின் கடலோரக் கசீ வரை, ஒரே சார்ஜில் 1,008 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார்கள்.

எல்லாம் ஒன்றாகிவிடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம், பின் சீட்டில் தலை இடிக்கிறது என்று நம் ஆட்கள் திட்டுவார்கள். காற்றும் பின் சீட்டும் போடும் சண்டையில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் சமாதானம் பேசும்.

"ஷோ முடிஞ்சதும் அந்த வண்டி எல்லாம் எங்க போகும்?"

அதிர்ஷ்டம் இருந்தால் மியூசியம். இல்லையென்றால் நசுக்கல். ஓடாத வண்டி, பதிவு இல்லாத வண்டி, வைத்துக்கொள்ள இடமும் வேண்டும். ஐம்பதுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கண்காட்சி வண்டிகளில் சிலவற்றை மிச்சிகன் மாநிலத்தில் வார்ஹூப்ஸ் என்ற காயலான் கடைக்கு அனுப்பியது. நாலு வண்டிகள் மட்டும் நசுங்காமல் அங்கேயே கிடந்தன. எண்பதுகளின் கடைசியில் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் அவற்றைத் துண்டும் துணுக்குமாக வாங்கிப் போய் உயிர் கொடுத்தார். லிங்கன் ஃபியூச்சரா என்ற 1955 கான்செப்டுக்கு வேறு யோகம். 1966-இல் அது டிவி பேட்மேனின் வண்டியாக உருமாறியது.

எனக்கு மறக்காதது கிரைஸ்லர் நார்ஸ்மேன். முன் கண்ணாடியின் இரு பக்கமும் தூணே இல்லாமல், கூரை பின்னாலிருந்து நீட்டி நிற்கும்படி டூரினில் கியா (Ghia, கொரிய கார் கம்பெனி இல்லை) என்ற இத்தாலியப் பட்டறையில் செய்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்ப ஆந்திரியா டோரியா கப்பலில் ஏற்றினார்கள். 1956 ஜூலையில் நான்டக்கெட் தீவருகே அந்தக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. ஒரு கண்காட்சியிலும் நிற்காமல் அந்தக் கார் இன்னும் கடலுக்கடியில் இருக்கிறது.

"நம்ம பக்கத்துல இந்த மாதிரி ஏதாவது நடக்குதா, இல்ல எல்லாம் வெளிநாடுதானா?"

நடக்கிறது. டிவிஎஸ் 2018 ஆட்டோ எக்ஸ்போவில் கிரியான் என்ற மின்சார ஸ்கூட்டர் கான்செப்டைக் காட்டியது. 2023 ஆகஸ்டில் அது டிவிஎஸ் எக்ஸ் ஆக வந்தது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் கம்பெனியைத் தொடங்கிய இருவரும் ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள், ஆலை இங்கே ஓசூரில். ஓலா தன் நாலு பைக் கான்செப்ட்களை 2023 சுதந்திர தினத்தன்று கிருஷ்ணகிரியில்தான் மேடையேற்றியது. அதில் டைமண்ட்ஹெட் என்ற ஒன்று முகமே இல்லாமல் ஆப்பு மாதிரி இருந்தது. மேலே சொன்ன சைடு ஸ்டாண்ட் சோதனையை அதற்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

மஹிந்திராவின் பிஇ மின்சார கார் வரிசை இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2022-இல் கான்செப்டாகக் காட்டப்பட்டது. 2024 நவம்பரில் பிஇ 6 விற்பனை வண்டியாகச் சென்னையில் அறிமுகமானது. கான்செப்டின் கூர்மை பெரும்பாலும் தங்கியிருக்கிறது. முதலில் வைத்த பெயர் பிஇ 6இ. இண்டிகோ விமானக் கம்பெனி '6இ' எங்களுடையது என்று வழக்குப் போட, 'இ' மட்டும் உதிர்ந்தது.

"என் பையன் நோட்டு முழுக்க வண்டியா வரையுறான். இதுக்குப் படிப்பு இருக்கா?"

இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் காந்திநகர் வளாகத்தில் வாகன வடிவமைப்புக்கென்றே முதுகலை உண்டு. ஐஐடி பம்பாயின் ஐடிசி துறையிலும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு. அதுவரை பையனிடம் ஒன்று சொல்லுங்கள். கனவு வண்டியை வரைவதோடு, தெருவில் நிற்கும் டிவிஎஸ் 50-ஐயும் உட்கார்ந்து வரையட்டும். சக்கரம், சீட், ஹேண்டில் மூன்றும் எங்கே இருந்தால் ஆள் உட்கார முடியும் என்பது அதில்தான் புரியும்.

"கான்செப்ட் சூப்பரா இருக்கு. அது வர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமா, இப்போ இருக்குறதை வாங்கட்டுமா?"

கிரியான் கதையை மேலே பார்த்தீர்கள், மேடைக்கும் கடைக்கும் நடுவில் ஐந்தரை வருஷம். டெஸ்லா சைபர்டிரக் 2019-இல் 39,900 டாலர் என்று காட்டப்பட்டது. 2023 கடைசியில் கைக்கு வந்தபோது அறிவித்த ஆரம்ப விலையே 60,990. உருவம் பெரிதாக மாறவில்லை, விலை மாறிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர் ஒரு கான்செப்ட் பைக்கின் படத்தை போன் வால்பேப்பராக வைத்துக்கொண்டு காத்திருந்தார், கம்பெனி பெயர் வேண்டாம். போன் மூன்றாவது தடவை மாறிவிட்டது, வால்பேப்பர் மட்டும் அதேதான். போன மாதம் பழைய ஸ்பிளெண்டர் ஒன்றை வாங்கி வந்தார், அதில்தான் காலையில் பால் வாங்கப் போகிறார்.